மருந்து வரும் வழியில் எழும் புகை: குளிர்பதனச் சங்கிலியின் கார்பன் கணக்கு

மருந்து நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இப்போது "நிகர பூஜ்ஜியம்" என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது; புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைத்து, எஞ்சியதையும் ஈடுகட்டிவிடுவோம் என்பது அதன் பொருள். மின்சார வேனில் தடுப்பூசி, சூரிய மின்சாரத்தில் மருந்துக் கிடங்கு, ட்ரோனில் இரத்தப் பை என்று படங்களோடு செய்திகளும் வருகின்றன. இவற்றில் எது உண்மையாகவே உமிழ்வைக் குறைக்கிறது, எது படத்துக்கு மட்டும் அழகு என்று பிரித்தறிவது வாசிப்பவருக்கு எளிதல்ல. அதற்கு மருந்து எப்படிப் பயணிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பின்னணியாக ஓர் எண். ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகின் நிகர உமிழ்வில் சுமார் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருகிறது. அதிலும் 71 சதவீதம் மருத்துவமனை வளாகத்துக்குள் எழுவதில்லை. மருந்து, கருவி, உணவு ஆகியவற்றின் உற்பத்தி, போக்குவரத்து, கழிவு என விநியோகச் சங்கிலியில் எழுகிறது.

குளிர்பதனச் சங்கிலி என்பது என்ன?

ஆலையில் அடைக்கப்பட்ட தடுப்பூசியோ இன்சுலினோ உடலுக்குள் போகும் நொடி வரை குறிப்பிட்ட வெப்பநிலை எல்லைக்குள்ளேயே இருக்கச் செய்யும் ஏற்பாடு இது. துறைக்காரர்கள் வாயில் "கோல்டு செயின்". பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு எல்லை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். போலியோ சொட்டு மருந்து கிடங்குகளில் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிகிரியில் கிடக்கும். கொரோனா காலத்தில் ஃபைசர் மருந்து மைனஸ் 70 டிகிரி கேட்டது. கோவிஷீல்டும் கோவேக்சினும் வழக்கமான 2–8 டிகிரியிலேயே தாக்குப்பிடித்ததால்தான் ஊராட்சி வரை போக முடிந்தது.

இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் மருந்து வரும் பாதை இது: ஆலை, அங்கிருந்து சென்னை, மும்பை, கொல்கத்தா, கர்னால் ஆகிய இடங்களிலுள்ள மத்திய அரசு மருந்துக் கிடங்குகள், பிறகு மாநில, மண்டல, மாவட்டக் கிடங்குகள், கடைசியாக ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து கிராம சுகாதார செவிலியரின் கையிலுள்ள வேக்சின் கேரியர் என்ற சிறு ஐஸ் பெட்டி. மேல்மட்டக் கிடங்குகளில் ஆள் நுழையக்கூடிய குளிர் அறைகள் இருக்கும். கீழ்மட்டத்தில் ஐ.எல்.ஆர். எனப்படும் பனிக்கட்டிச் சுவர் கொண்ட குளிர்ப்பெட்டியும் டீப் ஃபிரீசரும். 2021 தொடக்கத்தில் நாடு முழுவதும் சுமார் 29,000 குளிர்பதன மையங்களும் 85,000-க்கும் மேற்பட்ட கருவிகளும் இருந்தன.

ஐ.எல்.ஆர். ஏன் மேல்புறம் திறக்கிறது என்று பலர் யோசித்திருப்பார்கள். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும். மூடியை மேலே தூக்கினால் குளிர் கொட்டிப்போகாது. வீட்டு ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தால் காலில் சில்லென்று விழுவது நாம் காசு கொடுத்து உண்டாக்கிய குளிர்தான். நாளுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் இருந்தாலே ஐ.எல்.ஆர். வெப்பநிலையைக் காத்துவிடும். மின்வெட்டுக்காக வந்த வடிவமைப்பு மின்சாரச் சிக்கனத்துக்கும் உதவியது.

உமிழ்வு எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகள்.

1. எரிபொருள்: வேன், லாரி, விமானம், கப்பல். குளிர்பதன லாரியில் வண்டியை ஓட்டும் எஞ்சினைத் தவிர, பெட்டியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு சின்ன டீசல் எஞ்சினும் இருக்கலாம். லாரி நின்றாலும் அது நிற்காது.

2. மின்சாரம்: குளிர் அறை, பெட்டி, ஏ.சி. கிடங்கு. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, நிலக்கரியின் பங்கு அதிகம் என்பதால்.

3. குளிர்பதன வாயு: கம்ப்ரசருக்குள் சுழலும் வாயு. கசிந்தால் நேராக வானத்துக்கு. புகையாகத் தெரியாது, மணக்காது.

மூன்றாவதைப் புரிந்துகொள்ள "புவி வெப்பமாக்கும் திறன்" என்ற அளவு வேண்டும். ஒரு கிலோ வாயு நூறு ஆண்டுகளில் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பதே அது. ஆர்-134ஏ வாயுவுக்கு இது சுமார் 1,430. பெரிய குளிர் அறைகளிலும் லாரிகளிலும் புழங்கும் ஆர்-404ஏ வாயுவுக்கு 3,922. ஐசோபியூட்டேன் எனப்படும் ஆர்-600ஏ வாயுவுக்கு வெறும் 3 அளவு. இன்னொரு செய்தி: ஆஸ்துமா நோயாளிகள் அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலர்கள் பலவற்றில் மருந்தைத் தள்ளும் வாயுவும் இதே ஆர்-134ஏதான். அங்கே சரக்கே உமிழ்வாகிவிடுகிறது.

யார் கணக்கில் எழுதுவது?

நிறுவனங்கள் உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரிக்கின்றன. தன் வண்டியும் தன் இயந்திரமும் வெளியிடுவது ஸ்கோப் 1. வாங்கிய மின்சாரம் ஸ்கோப் 2. சப்ளையர், லாரிக்காரர், ஸ்டாக்கிஸ்ட், நோயாளி வரை மற்றதெல்லாம் ஸ்கோப் 3. பங்குச் சந்தையில் முன்னணியிலுள்ள 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல் விவரங்களை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2022–23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியது. இப்போது இந்தச் சொற்கள் அடிக்கடி கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு மருந்து நிறுவனம் தன் லாரிகளை விற்றுவிட்டு விநியோகத்தை வெளி ஒப்பந்ததாரரிடம் கொடுத்தால், ஸ்கோப் 1 அழகாகக் குறையும். அதே லாரி, அதே சாலை, அதே டீசல். புகை மட்டும் ஸ்கோப் 3-க்கு இடம் மாறியிருக்கும். ஆகவே "எங்கள் நேரடி உமிழ்வை இவ்வளவு குறைத்தோம்" என்ற அறிவிப்பைப் பார்த்தால் ஸ்கோப் 3 என்ன ஆயிற்று என்று பார்க்காமல் கைதட்டக் கூடாது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவை 2020 அக்டோபரில் இலக்கு அறிவித்தபோது இரண்டையும் பிரித்தே சொன்னது: நேரடி உமிழ்வுக்கு 2040, விநியோகச் சங்கிலியையும் சேர்த்தால் 2045.

நான்கு மனக்கணக்குகள்

கீழேயுள்ளவை விளக்கத்துக்கான கணக்குகள். யூனிட், கிலோமீட்டர், வாயு அளவு ஆகியவை நான் எடுத்துக்கொண்ட நியாயமான ஊகங்கள். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 0.72 கிலோ என்று வைத்திருக்கிறேன்.

1. சிறிய குளிர்ப்பெட்டி: நாளுக்கு 2 யூனிட் என்றால் ஆண்டுக்கு 730 யூனிட், சுமார் 525 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உள்ளே 100 கிராம் ஆர்-134ஏ இருந்து முழுவதும் கசிந்தால் 143 கிலோ. ஆக, இங்கே மின்சாரம்தான் பெரிய ஆள்.

2. குளிர் அறை: நாளுக்கு 30 யூனிட் என்றால் ஆண்டுக்கு 7.9 டன். உள்ளே 5 கிலோ ஆர்-404ஏ இருந்து ஒருமுறை முழுவதும் கசிந்தால் 19.6 டன். இரண்டரை ஆண்டு மின்சாரத்தின் உமிழ்வு ஒரே கசிவில் போய்விடும்.

3. விநியோக வேன்: ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 1,250 லிட்டர் டீசல், சுமார் 3.35 டன். அதே ஓட்டத்துக்கு மின்சார வேன், கிலோமீட்டருக்குக் கால் யூனிட் என்றால், 3,750 யூனிட், 2.7 டன். சேமிப்பு 0.65 டன். கூரையில் சூரியத் தகடு போட்டு அதிலேயே சார்ஜ் செய்தால் மட்டும் கணக்கு முழுதாக மாறும்.

4. ஏற்றுமதி: ஒரு டன் சரக்கு மும்பையிலிருந்து ஐரோப்பாவுக்கு விமானத்தில் போனால், டன்-கிலோமீட்டருக்கு 0.6 கிலோ என்ற கணக்கில், 4 டன்னைத் தொடும். கப்பலில் குளிர்பதனக் கன்டெய்னருக்கான மின்சாரத்தைச் சேர்த்தாலும் அரை டன்னைத் தாண்டாது.

செய்தியில் அதிகம் வரும் மின்சார வேனின் சேமிப்பு, குளிர் அறைக் கசிவுக்கும் விமானத்துக்கும் வெகு பின்னால் இருக்கிறது. நகரக் காற்றுக்கு அது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு குளிர் அறையின் கசிவைத் தடுத்தால் கிடைப்பதை மின்சார வேன் எட்ட முப்பது ஆண்டு ஓட வேண்டும்.

கசிவு என்னும் மறைந்த செலவு

கசிவைப் பற்றி யாரும் பேசாததற்குக் காரணம் எளிது: அது "பழுது" என்ற தலைப்பில் போய்விடுகிறது. குளிர் குறைந்தால் மெக்கானிக் வருகிறார், "கேஸ் அடித்துவிட்டு" போகிறார். பில்லில் வாயு விலையும் கூலியும் இருக்கும். எத்தனை கிலோ போயிற்று என்ற பதிவு இருக்காது. பழைய வாயுவை உறிஞ்சி எடுக்கும் கருவி பல மெக்கானிக்குகளிடம் கிடையாது. வால்வைத் திறந்து வெளியே விட்டுவிடுவதே நடைமுறை. கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்பிக்கொண்டே இருக்கும் கிடங்குகளும் உண்டு.

செய்ய வேண்டியது பெரிய அறிவியல் அல்ல. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுவது, ஒரே கருவிக்கு இரண்டாம் முறை நிரப்ப வேண்டி வந்தால் கசிவைச் சரிசெய்யாமல் நிரப்பக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது, பழைய வாயுவை மீட்டெடுத்தால் அதற்குப் பணம் கொடுப்பது. இந்த மூன்றையும் நாளையே தொடங்கலாம்.

நிரந்தரத் தீர்வு வாயுவை மாற்றுவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் தர ஒப்புதல் பெற்ற சிறிய தடுப்பூசிப் பெட்டிகள் பலவும் ஏற்கனவே ஆர்-600ஏ-க்கு மாறிவிட்டன. அது எளிதில் தீப்பிடிக்கும் வாயு என்றாலும் சிறிய பெட்டிக்குச் சில பத்து கிராம் போதும் என்பதால் ஆபத்து குறைவு. பெரிய குளிர் அறைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அங்கே புரொப்பேன், அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு ஆகியவையே மாற்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்பு முறையும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். மாவட்டத் தலைநகரில் அப்படி ஒரு மெக்கானிக் கிடைக்காவிட்டால் பசுமை வாயு வாங்கியும் பயனில்லை.

வீணாகும் குப்பி

மருந்து ஒன்றின் உமிழ்வில் பெரும்பகுதி பொதுவாக அதைத் தயாரிப்பதிலேயே எழுகிறது. ஆகவே கெட்டுப்போய்க் குப்பைக்குப் போகும் ஒவ்வொரு குப்பியோடும் அதன் உற்பத்தி, பயணம், குளிர் எல்லாம் சேர்ந்து வீணாகின்றன. அதற்குப் பதிலாக இன்னொன்று தயாரித்து, மறுபடி அனுப்பி, பழையதைச் சூளையில் எரிக்கவும் வேண்டும். உமிழ்வைக் குறைக்கிறோம் என்று குளிரில் கை வைத்து மருந்தைக் கெடுப்பதைவிட முட்டாள்தனம் இல்லை.

வெப்பத்தால் மட்டுமே கெடும் என்று நினைப்பது தவறு. ஹெபடைடிஸ் பி, ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், டி.பி.டி. போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும். அவற்றிலுள்ள அலுமினிய உப்பு திரிந்து அடியில் படியும். குலுக்கினாலும் பழையபடி கலக்காது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பரிசோதித்த குளிர்ப்பெட்டிகளிலும் பயணங்களிலும் 14 முதல் 35 சதவீதம் வரை தடுப்பூசி உறைநிலையைத் தொட்டதாகச் சொன்னது. அதாவது மின்சாரம் அதிகம் செலவழித்து மருந்தைக் கெடுத்திருக்கிறோம். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே கேரியரில் வைக்காமல், உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைத்திருக்க வேண்டும் என்று செவிலியருக்குச் சொல்லித் தருவது இதற்காகத்தான்.

இந்த அபாயத்தை வடிவமைப்பாலேயே தவிர்க்கும் வழியும் உண்டு. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அந்தத் தண்ணீர் கீழே இறங்கி மருந்தைச் சுற்றி நிற்குமாறு செய்தால் மருந்து உறையவே உறையாது. வேல்ஸில் உருவான ஷ்யூர் சில் தொழில்நுட்பம் இந்த இயல்பை வைத்தே இயங்குகிறது. இந்தியாவில் கோத்ரெஜ் அதைத் தயாரிக்கிறது. மின்சாரம் போனாலும் பல நாள் தாங்கும்.

குப்பியின் அளவும் ஒரு சிக்கல். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைத் திறந்து கலக்கினால் 4 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பத்து டோஸ் குப்பியைத் திறந்து மூன்று குழந்தைகள் மட்டும் வந்தால் ஏழு டோஸ் வீண். அப்படியானால் ஒற்றை டோஸ் குப்பி வாங்கலாமே என்று தோன்றும். ஆனால் பத்து டோஸ் குப்பியில் ஒரு டோஸ் இரண்டு மூன்று கன சென்டிமீட்டர் இடமே எடுக்கும். ஒற்றைக் குப்பியில் பத்துக்கு மேல் போகும். குளிர்ப்பெட்டியும் வேனும் அதற்கேற்பப் பெருக்க வேண்டும். கண்ணாடி, அட்டை, கழிவு எல்லாம் கூடும். எது லாபம் என்பது அந்த ஊரில் ஓர் அமர்வுக்கு எத்தனை குழந்தை வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பது அரசின் விதி. கார்பன் கணக்கு அந்த விதியைத் தொடக் கூடாது.

தொடக்கூடியது வேறு இடங்களில் இருக்கிறது. திறந்த பென்டாவேலன்ட், டி.பி.டி., போலியோ குப்பிகளை நிபந்தனைகளோடு 28 நாள் வரை மறுபடி பயன்படுத்தலாம் என்ற விதி, எந்த இயந்திரமும் வாங்காமல் விரயத்தைக் குறைத்தது. குப்பி மேல் ஒட்டிய வி.வி.எம். அடையாளம், வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெப்பம் பட்டு நிறம் மாறுவது, 1996-இல் போலியோ மருந்தில் வந்தது. அதற்கு முன் மின்சாரம் போனதென்றால் சந்தேகத்தின் பேரிலேயே கொட்டினார்கள். இந்தியாவின் இ-வின் திட்டம் கையிருப்பையும் வெப்பநிலையையும் செல்பேசி வழியே காட்டுகிறது. இருப்பு தீர்ந்துபோகும் நிகழ்வுகள் 80 சதவீதம் குறைந்ததாக அரசு சொல்கிறது. இருப்பு தீர்ந்தால் அவசர வண்டி ஓடும், மிஞ்சினால் காலாவதியாகும். இரண்டும் உமிழ்வுதான்.

மாத்திரை, ஊசி போன்ற பொதுவான மருந்துகளில் இதே தர்க்கத்துக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பழைய எடுத்துக்காட்டு. 1994-இல் தொடங்கிய இக்கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பாஸ்புக்கிலுள்ள தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்கிறது. ஊழலையும் தட்டுப்பாட்டையும் ஒழிக்க வந்த ஏற்பாடு. கார்பன் என்ற பேச்சே அன்று இல்லை. ஆனால் தேவையறிந்து அனுப்பும் எந்த முறையும் கார்பனையும் குறைக்கும்.

விமானம் ஏன் பறக்கிறது?

2021 ஜனவரி 12 அன்று புனேவிலிருந்து கோவிஷீல்டு விமானத்தில் சென்னை வந்தது. அன்றைக்கு அதைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது, தோன்றவும் கூடாது. பிரச்சினை வழக்கமான சரக்கும் விமானம் ஏறுவதில். பெரும்பாலும் அது அவசரத்தால் அல்ல, திட்டமிடல் பிசகியதால். தேவையை மூன்று மாதம் முன்பே கணித்தால் கப்பலிலும் லாரியிலும் அனுப்பலாம். கணிக்கத் தவறினால் விமானம் ஒன்றே வழி.

கப்பலுக்கு மாறுவதிலும் முட்டுக்கட்டை உண்டு. வாங்குபவர் மருந்தின் ஆயுளில் கணிசமான பகுதி மீதமிருக்க வேண்டும் என்பார். நான்கைந்து வாரம் கடலில் போனால் அது குறையும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. கடலுக்கு மாறியிருந்த சரக்கில் ஒரு பங்கு மீண்டும் விமானம் ஏறியது.

கூரையில் சூரியன்

சூரியக் குளிர்ப்பெட்டிகளின் முதல் தலைமுறை பேட்டரியோடு வந்தது. சில ஆண்டுகளில் பேட்டரி செத்தது, மாற்றப் பணமில்லை, பெட்டி மூலையில் கிடந்தது. இப்போதைய நேரடி சூரியப் பெட்டிகள் பேட்டரியை விட்டுவிட்டு, பகல் வெயிலில் பனிக்கட்டி உறையச் செய்து இரவு அதைக் கரைய விடுகின்றன. மின்சாரத்துக்குப் பதிலாகக் குளிரையே சேமித்து வைக்கும் இந்த யோசனை எளிமையானது, நிலைத்தும் நிற்கிறது. சத்தீஸ்கரில் 2012 முதல் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களின் கூரையில் சூரியத் தகடுகள் போடப்பட்டன. அங்கே டீசல் ஜெனரேட்டர் ஓடுவது குறைந்ததோடு, பிரசவ அறையில் விளக்கும் அணையாமல் எரிந்தது.

குளிரே வேண்டாத மருந்து

மிகக் குறைந்த உமிழ்வுள்ள குளிர், தேவைப்படாத குளிர்தான். ஆப்பிரிக்காவில் மூளைக்காய்ச்சல் அடிக்கடி பரவும் நாடுகளுக்காக உருவான மென்ஆஃப்ரிவாக் தடுப்பூசியை, பயன்படுத்தும் முன் நான்கு நாள் வரை 40 டிகிரிக்குள் வைத்திருக்கலாம் என்று 2012-இல் ஒப்புதல் கிடைத்தது. பெனின் நாட்டில் ஐஸ் பேக் இல்லாமலேயே அதைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கடைசி மைலில் ஐஸ் உறையவைக்கும் ஃபிரீசர், அதற்கான மின்சாரம், தினமும் ஐஸ் கொண்டுவரும் வண்டி எல்லாம் ஒரே அனுமதியில் மறைந்தன. மருந்து மாறவில்லை, லேபிள் மாறியது. எத்தனை மருந்துகள் உண்மைத் தேவையைவிடக் கடுமையான லேபிளோடு சுற்றுகின்றன என்பதைச் சோதிக்கத் தயாரிப்பாளருக்கு வணிக ஆர்வம் கிடையாது. வாங்கும் அரசுகள்தான் டெண்டரில் கேட்க வேண்டும்.

தனியார் வழியில் இன்னொரு வகை விரயம் நடக்கிறது. ஸ்டாக்கிஸ்டிடமிருந்து மருந்துக் கடைக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று நடை, ஒவ்வொன்றிலும் தெர்மாகோல் பெட்டியும் ஜெல் பேக்கும். பெட்டி திரும்பி வருவதில்லை. நடைகளைச் சேர்த்து, பெட்டியைத் திருப்பி எடுத்தாலே போதும். இதற்கு ட்ரோன் வேண்டாம். மணிப்பூரின் லோக்டாக் ஏரித் தீவு போல சாலையே சுற்றுவழியாகும் இடத்தில், 2021-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) செய்துகாட்டியபடி, ட்ரோனுக்கு வேலை உண்டு.

2028-க்குள் என்ன மாறும்?

ஆர்-134ஏ, ஆர்-404ஏ போன்றவை அடங்கும் ஹெச்.எஃப்.சி. வகை வாயுக்களைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. அதன்படி நம் நாட்டில் 2028-இல் இவ்வாயுக்களின் உற்பத்தியும் பயன்பாடும் உச்சவரம்பில் நிறுத்தப்படும். 2032-இல் 10 சதவீதம், 2037-இல் 20, 2042-இல் 30, 2047-இல் 85 சதவீதம் என்று குறைக்கப்படும்.

ஒரு குளிர்ப்பெட்டி பத்தாண்டு உழைக்கும், குளிர் அறை அதற்கும் மேல். இன்று ஆர்-404ஏ-யோடு வாங்கும் குளிர் அறை, வாயு அருகி விலையேறும் காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கசிவின்போதும் அதே வாயுவைத் தேடி வாங்க வேண்டியிருக்கும். மாநிலக் கிடங்குகளுக்கான அடுத்த டெண்டரில் வாயுவின் பெயர், ஆண்டுக்கு அனுமதிக்கும் கசிவு அளவு, பழைய கருவியிலிருந்து வாயுவை மீட்கும் பொறுப்பு யாருடையது என்ற மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே, அடுத்த பதினைந்து ஆண்டு உமிழ்வில் பெரும்பகுதியை இப்போதே கணித்துவிடலாம்.